நால்வகைச் சோதனையும் தொலைபேசிக் கள்வரும்

ஒருவரை நம்புவதற்கு முன் அவரை ஆராய்ந்து அறிதல் வேண்டும் என்பது திருக்குறளின் 51-ஆம் அதிகாரமாகிய தெரிந்துதெளிதலின் கருத்தாகும். அவ்வதிகாரத்தின் முதற் குறளிலேயே வள்ளுவர் நான்கு வகைச் சோதனைகளை எண்ணிக் காட்டுகின்றார். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்பன அவை. இந்நான்கினாலும் ஒருவனுடைய மனத்தின் உறுதியை அறிந்த பின்னரே அரசன் அவனைப் பணிக்கு அமர்த்த வேண்டும் என்பது கருத்து.

இச்சோதனைகள் எவ்வாறு நடைபெறும் என்பதைப் பரிமேலழகர் தம் உரையில் விளக்குகின்றார். வடநூலார் இவற்றை உபதை என்பர். கௌடிலியரின் அருத்தசாத்திரம் முதல் அதிகரணத்திலேயே இவை பேசப்படுகின்றன. அரசன் தானே வந்து சோதிப்பதில்லை. வேறொருவரை வேடமிட்டு அனுப்புகின்றான். அறவோர் வந்து, இவ்வரசன் அறமில்லாதவன், இவனை நீக்க எண்ணியுள்ளோம், நின் கருத்து யாது என்று கேட்பர். படைத்தலைவன் வந்து பொருளாசை காட்டுவான். முதியவள் ஒருத்தி வந்து, அரண்மனைப் பெண்ணொருத்தி நின்மேல் காதல் கொண்டாள் என்பாள். நான்காவதாக ஒருவன் வந்து, அரசன் நம்மைக் கொல்லச் சூழ்கின்றான், நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்று அஞ்சுவிப்பான். இவர்கள் கூறுவன யாவும் பொய். இவற்றைச் சூளுறவோடு சொல்லுவிப்பது வழக்கம் என்கிறார் உரையாசிரியர். அஃதாவது, ஆணையிட்டு மறைவாகப் பேசுவது. அசையாமல் மறுப்பவனே சோதனையில் தேறியவன் ஆவான்.

இந்நான்கு வாயில்களையும் இன்று கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தட்டிக்கொண்டிருப்போர் அரசனின் ஆட்கள் அல்லர், தொலைபேசிக் கள்வர். கருவி புதிது. ஆனால் அவர்கள் நுழையும் வழி அருத்தசாத்திரக் காலத்து வழியே. இதனை முதலில் மனத்திற் கொள்ளாதார், இக்களவைக் கணினி அறியாதாரின் குறை என்றே எண்ணிவிடுவர். கணினியை நன்கறிந்த கணக்காளரும் பொறியாளரும் விரிவுரையாளரும் இதில் பொருள் இழந்திருக்கின்றனர் என்பதை நாளிதழ் படிப்போர் அறிவர்.

நான்கனுள் வலிமை மிக்கது உயிரச்சம். மலேசியாவில் மக்காவ் மோசடி என்று பெயர் பெற்றது இவ்வகையே. அதன் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முதலில் அஞ்சல் நிறுவனத்திலிருந்தோ, வங்கியிலிருந்தோ, வருமான வரி வாரியத்திலிருந்தோ பேசுவதாக ஒரு குரல். தங்கள் பெயரில் ஒரு பொதி பிடிபட்டுள்ளது, அல்லது தங்கள் பெயரில் ஒரு கடன் நிலுவையில் உள்ளது என்று அது கூறும். அப்படி ஒன்றும் இல்லையே என்று முதியவர் மறுப்பார். அம்மறுப்பைத்தான் கள்வன் எதிர்பார்க்கின்றான். அப்படியாயின் தங்கள் பெயரை யாரோ தவறாகப் பயன்படுத்தியுள்ளனர், உடனே போலீசில் புகார் செய்யுங்கள், நானே இணைப்புத் தருகின்றேன் என்று உதவுவான் போலப் பேசுவான். அடுத்த குரல் போலீஸ் அதிகாரியினுடையது. பின்னணியில் நிலையத்து ஓசை கேட்கும். கள்ளப்பண வழக்கில் தங்கள் பெயர் உள்ளது. கைதாணை ஆயத்தமாக உள்ளது. விசாரணை முடியும் வரை தங்கள் பணத்தைப் பாதுகாப்பான கணக்கு ஒன்றுக்கு மாற்றுங்கள். வழக்கு இரகசியமானது, மனைவி மக்களிடமும் சொல்லாதீர்கள். இதுவே நாடகத்தின் முடிவு.

இந்த இறுதி வாக்கியம்தான் முழு மோசடியின் அச்சாணி. பிள்ளைகளிடம் ஒரு சொல் சொன்னால் மோசடி அன்றே முறிந்துவிடும். ஆகவேதான் பரிமேலழகர் கூறும் சூளுறவு இங்கும் இடம் பெறுகின்றது. போலீசார் தொலைபேசி வழியே எவரிடமும் பணத்தை மாற்றச் சொல்வதில்லை. பேங்க் நெகாரா மத்திய வங்கியாகும். தனியார்க்குச் சேமிப்புக் கணக்கு வைத்துத் தருவது அதன் தொழில் அன்று. இவ்விரு செய்திகளும் வீட்டில் உள்ளோர் அனைவர்க்கும் தெரிந்திருந்தால் பல வீடுகளில் பல ஆண்டுச் சேமிப்பு நின்றிருக்கும்.

இந்தியாவில் இதே நாடகம் காணொளி அழைப்பில் நடைபெறுகின்றது. டிஜிட்டல் கைது என்று அங்கே அதற்குப் பெயர். 2024-இல் பஞ்சாபைச் சேர்ந்த பெருந்தொழிலதிபர் ஒருவர்க்குக் கள்வர் போலி உச்ச நீதிமன்றமே நடத்திக் காட்டினர். தலைமை நீதிபதி போலவும் ஒருவர் தோன்றினார். 7 கோடி ரூபாய் பறிபோயிற்று. பெரிய நிறுவனத்தை நடத்தியவர், வழக்கறிஞர் பலரை அறிந்தவர். அவரே அஞ்சினார். அவ்வாண்டு அக்டோபர் 27-ஆம் நாள் இந்தியப் பிரதமர் தம் வானொலி உரையில், சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று இல்லை என்று நாட்டுக்கு அறிவிக்க நேர்ந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் முதியோர்க்கு இவ்வச்சம் இன்னும் ஆழமாக வேர்விட்டிருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்க்குத் துரையின் குரலும் கிராணியின் குரலும் எதிர்த்துக் கேட்கக் கூடாத குரல்களாக இருந்தன. அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தால் அதைக் கிராணிதான் படித்துச் சொல்வார். அவர் காட்டிய இடத்தில் பெருவிரல் வைத்தாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பும் நெடுஞ்சாலையும் வந்த பின், அம்மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். கிராணி போய்விட்டார். ஆனால் மலாய் மொழியில் வேகமாகவும் அதட்டலாகவும் பேசும் குரலுக்கு ஆம் என்று சொல்லும் பழக்கம் போகவில்லை. சந்தையிலும் வேலையிடத்திலும் பேசும் மலாய் தெரியும். நீதிமன்ற மலாய் தெரியாது. தெரியாததை மறுத்துக் கேட்க நா எழுவதில்லை. இதனைக் கோழைத்தனம் என்பது அநீதி.

இன்னொன்றும் உண்டு. 1951-இல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதியிலிருந்து, 55 வயது நிறைந்தவர் தம் சேமிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆயுள் முழுதும் மாதந்தோறும் சிறுகச் சிறுகப் பிடிக்கப்பட்ட பணம் ஒரே நாளில் வங்கிக் கணக்கில் வந்து அமர்கின்றது. ஓர் உழைப்பாளி தம் வாழ்நாளில் அத்துணைப் பெருந்தொகையைக் கையாளுவது அந்த ஒரு முறைதான். அதனை இழந்தால் மீண்டும் ஈட்ட வயது இல்லை. இளைஞன் ஒருவன் ஐயாயிரம் வெள்ளி இழப்பதும், அறுபது வயதுப் பாட்டி ஐயாயிரம் வெள்ளி இழப்பதும் ஏட்டுக் கணக்கில் ஒன்றே. வாழ்க்கைக் கணக்கில் ஒன்றல்ல.

இரண்டாம் வாயில் பொருள். குறைந்த முதலுக்குச் சில நாளில் பன்மடங்கு ஊதியம் என்னும் விளம்பரம் முகநூலில் வரும். முன்னாளில் இத்தகைய விளம்பரத்தைக் கண்டோர் நகைத்துத் தள்ளினர். இப்பொழுதோ அதனைப் பரிந்துரைப்பவராகப் பிரதமர் அன்வார் இப்ராகிமே தோன்றிப் பேசுகின்றார். பாடகி சித்தி நூர்ஹலிசா பேசுகின்றார். அவர்கள் பேசவில்லை. ஆழ்போலி எனப்படும் டீப்ஃபேக் முறையால் செய்யப்பட்ட படங்கள் அவை.

இப்போலி எவ்வாறு உண்டாகின்றது என்பதைச் சிறிது அறிதல் நன்று. 2014-இல் இயன் குட்ஃபெல்லோ என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் ஒரு புதிய முறையை வெளியிட்டனர். இரண்டு கணினி வலையமைப்புகளை எதிரெதிரே நிறுத்துவது அம்முறை. ஒன்று போலிப் படத்தைச் செய்யும். மற்றொன்று, இது மெய்யா போலியா என்று தீர்ப்புச் சொல்லும். பிடிபட்ட ஒவ்வொரு முறையும் போலி செய்வது தன் தவற்றைத் திருத்திக்கொள்ளும். ஆயிரம் ஆயிரம் முறை இப்போட்டி நடந்தபின், நீதிபதியும் ஏமாறும் அளவுக்குப் போலி தேர்ந்துவிடும். பின்னர் வேறு முறைகளும் வந்து இக்கலையை இன்னும் எளிதாக்கிவிட்டன. டீப்ஃபேக் என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது 2017-இல்.

இதனாலேயே, போலியைக் கண்ணால் கண்டுபிடிக்கக் கற்பிக்கும் அறிவுரைகள் நெடுநாள் நிற்பதில்லை. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், போலி முகங்கள் போதிய அளவு இமைப்பதில்லை என்று கண்டுரைத்தனர். அது உண்மையாக இருந்தது. வெகு விரைவில் போலி முகங்களும் இமைக்கக் கற்றுக்கொண்டன. தேவர் இமையார் என்பதைக் கொண்டு தமயந்தி நளனை அறிந்தாள் என்பது கதை. இக்காலத்துப் போலிகள் அவ்வடையாளத்தையும் விட்டு வைக்கவில்லை. விரல்களை எண்ணு, உதட்டசைவைப் பார் என்று இன்று சொல்லப்படுவனவும் நாளை பழங்கதை ஆகிவிடும். முதியவரின் கண்பார்வையை நம்பிக் கட்டும் காவல் காவலாகாது.

இன்பம் என்னும் வாயிலைப் பற்றி நீளப் பேச வேண்டுவதில்லை. கணவனை இழந்தவர், பிள்ளைகள் வெளியூரில் வாழத் தனியே இருப்பவர் ஆகியோரைத் தேடி முகநூலில் நட்புப் பேசி, மாதக்கணக்கில் அன்பு வளர்த்து, பின் பரிசுப்பொதி சுங்கத்தில் நிற்கின்றது, தீர்வை கட்டுக என்று கேட்பது அது. அறம் என்னும் வாயிலும் அத்தகையதே: கோயில் திருப்பணி, குழந்தையின் அறுவைச் சிகிச்சை என்று உருக்கமான படத்தோடு புலனத்தில் வரும் வேண்டுகோள். கொடைக் குணம் மிக்க சமூகத்திற்கு இது தனியான கேடு. பொய்யான வேண்டுகோளுக்குக் கொடுத்து வருந்தியவர், அடுத்த முறை உண்மையான ஏழைக்கும் கை மூடிக்கொள்கின்றார்.

இனி, பரிமேலழகர் உரையில் உள்ள ஒரு நுண்ணிய குறிப்பு கருதத்தக்கது. உயிரச்சம் என்னும் பாடத்தைப் பிறர் உயிரெச்சம் எனத் திரித்து உரைத்தனர் என்று கூறி அவர் அதனை மறுக்கின்றார். குறளின் கருத்துக்கு அவர் கொண்ட பாடமே பொருந்தும் எனலாம். ஆனால் எச்சம் என்னும் சொல்லுக்கு வழித்தோன்றல், மக்கட்பேறு என்பதும் ஒரு பொருள். அப்பொருளில் வைத்துப் பார்த்தால், மறுக்கப்பட்ட பாடம் இன்றைய கள்வனின் ஐந்தாம் வாயிலுக்குப் பெயராக அமைந்துவிடுகின்றது. பேரப்பிள்ளையின் குரலே அவ்வாயில்.

2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்து ஆய்வாளர் வெளியிட்ட ஒரு கருவி, மூன்று வினாடிக் குரற்பதிவைக் கொண்டே அக்குரலில் புதிய பேச்சை உண்டாக்கிக் காட்டியது. குரலின் இயல்புகளைக் கணினி பற்றிக்கொள்கின்றது; பின் எழுதிக் கொடுத்த எச்சொல்லையும் அக்குரலில் பேசுகின்றது. திருமண விழாவில் பாடிய பாட்டு, பள்ளிப் பேச்சுப் போட்டிக் காணொளி, பிறந்தநாள் வாழ்த்து எனப் பிள்ளைகளின் குரல் பொதுவெளியில் மிகுதியாகக் கிடக்கின்றது. பாட்டி, நான் விபத்தில் சிக்கிக்கொண்டேன், அப்பாவிடம் சொல்லாதே, உடனே பணம் அனுப்பு என்று அக்குரல் அழுதால், எந்தப் பாட்டி நிதானித்து ஆராய்வாள்? முதற்கண் எழுவது பாசம். அறிவு பின்னர்தான் வரும். அந்த இடைவெளியே கள்வனுக்குப் போதும்.

2019-இல் இங்கிலாந்தில் எரிசக்தி நிறுவனம் ஒன்றின் தலைவர், தம் மேலதிகாரியின் குரல் என்று நம்பி 220,000 யூரோவை அனுப்பினார். அதனினும் பெரியது 2024-இன் தொடக்கத்தில் வெளியான ஹாங்காங் நிகழ்ச்சி. அரூப் என்னும் பன்னாட்டுப் பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு இரகசியப் பணமாற்றம் பற்றி ஒரு செய்தி வந்தது. அவர் ஐயுற்றார். அவ்வையம் முற்றிலும் சரியானது. பின்னர் அவர் ஒரு காணொளிக் கூட்டத்திற்கு அழைக்கப்பட்டார். நிதித் தலைமை அதிகாரியும் சக ஊழியரும் திரையில் இருந்தனர். கண்ணால் கண்டதும் ஐயம் அகன்றது. 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலர் போயிற்று. அக்கூட்டத்தில் மெய்யான மனிதர் அவர் ஒருவரே. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்ற பழமொழியை மேற்கோளாகச் சொல்லிப் பழகியோர், அது இவ்வளவு நேர்ப்பொருளில் உண்மையாகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அப்பழமொழியின் எஞ்சிய பகுதியை அவ்வூழியர் கைக்கொண்டிருந்தால், அஃதாவது தலைமை அதிகாரியின் வழக்கமான எண்ணுக்குத் தாமே ஒருமுறை அழைத்துத் தீர விசாரித்திருந்தால், அத்தொகை அத்தனையும் நின்றிருக்கும்.

மறுமுனையில் பேசுவோர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் மோசடி நிலையங்களில் கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்படலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. நல்ல வேலை என்னும் பொய்யை நம்பிச் சென்று அகப்பட்டோர் அவர்கள். மலேசியரும் தமிழ்நாட்டு இளைஞரும் அவருள் உளர். கங்காணி சொன்ன இனிய சொல்லை நம்பிக் கப்பலேறியவரின் பேரர் மற்றொரு கங்காணியின் சொல்லை நம்பி விமானம் ஏறுகின்றனர். ஆகவே காக்கப்பட வேண்டியவர் முதியோர் மட்டும் அல்லர்.

அரசும் வங்கிகளும் வாளா இருக்கவில்லை. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி வழியே வரும் கடவெண்ணைக் கைவிடல், புதிய கருவியில் வங்கிச் சேவையைப் பதிந்தால் சிறிது காலம் காத்திருக்கச் செய்தல், ஒருவர்க்கு ஒரே கருவி, மோசடிப் புகார்க்கென 24 மணிநேரத் தொலைபேசி முதலிய கட்டளைகளை வங்கிகளுக்கு அறிவித்தது. அடுத்த மாதமே தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையம் அமைந்தது. அதன் எண் 997. காவல்படை, பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் ஆகியவை அதில் இணைந்து, போகும் பணத்தை வழிமறிக்க முயல்கின்றன. ஐயத்திற்குரிய கணக்கெண்ணைச் சரிபார்க்கக் காவல்படையின் செமாக் மியூல் தளமும் உண்டு. ஆயினும் இக்கதவுகள் பெரிதும் வெளியாள் உடைத்துப் புகுவதையே தடுக்கின்றன. வீட்டுக்காரரே அச்சத்தால் உள்ளிருந்து தாழ் திறந்து பொருளை எடுத்துக் கொடுப்பாராயின், வங்கியின் பூட்டு என்ன செய்யும்?

வழிமறித்தல் என்பது நேரத்தோடு நடத்தும் போட்டி. பறித்த பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. பலருடைய கணக்குகள் வழியே நொடியில் தாவிச் செல்கின்றது. இக்கணக்குகளை மலாய் மொழியில் கெல்டாய், அஃதாவது கழுதைக் கணக்கு என்பர். சில நூறு வெள்ளிக்காகத் தம் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் இரவல் தரும் இளைஞரே அக்கழுதைகள். சுமப்பது என்ன என்று அவர்க்குத் தெரியாது. பிடிபடுவது மட்டும் அவர்தாம். 2024-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட புதிய பிரிவுகள், அவ்வாறு கணக்கை இரவல் தருதலையே குற்றமாக்கியுள்ளன. பாட்டியை எச்சரிக்கும் வீட்டில் பேரனையும் இதுபற்றி எச்சரிக்க வேண்டியிருக்கின்றது.

பணம் தாவும் வேகத்திற்கு எதிராகப் புகாரைத் தாமதப்படுத்துவது எது? வெட்கம். இங்கே தமிழாசிரியர் சிந்திக்க வேண்டிய ஒரு சொற்செய்தி உண்டு. ஏமாறினான், ஏமாந்தான் என்பன தன்வினை. ஏமாற்றினான் என்பது பிறவினை. பக்கத்து வீட்டில் ஒருவர் பொருள் இழந்தால், ஊரார் வாயில் வருவது தன்வினையே. அந்த அம்மா ஏமாந்துவிட்டார் என்பர். ஏமாற்றியவன் வாக்கியத்திலேயே இல்லை. திருடு போன வீட்டுக்காரரைப் பார்த்து எவரும் இப்படிச் சொல்வதில்லை. கள்வன் புகுந்தான் என்றே சொல்வர். தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு தண்டிப்பதும் ஏமாற்றியவனைத்தான். ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை சிறையும், பிரம்படியும் அபராதமும் அதில் உண்டு. வீட்டில் வழங்கும் சொல் ஏமாற்றப்பட்டார் என்று மாறுமாயின், மூன்று நாள் அழுதுவிட்டு மகனிடம் சொல்லும் தாய், மூன்று நிமிடத்தில் சொல்லக் கூடும். முதலில் வங்கியின் புகார் எண்ணுக்கோ 997-க்கோ அழைப்பு; அதன் பின் போலீஸ் நிலையத்தில் புகார்; குற்றங்கூறுதல் வேண்டவே வேண்டா.

குரல் வாயிலை அடைக்க ஒரு வழி பல நாடுகளிலும் சொல்லப்படுகின்றது. குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது அது. அவசரம் என்று அழைக்கும் எக்குரலும் அச்சொல்லைச் சொல்ல வேண்டும். சொல்லாவிடின் தொலைபேசியை வைத்துவிட்டு, ஏற்கெனவே கையில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைக்க வேண்டும். எண் திரையில் சரியாகத் தோன்றினும் நம்பலாகாது. தோன்றும் எண்ணையும் போலியாக்க இயலும்.

அச்சொல்லைத் தேர்வதில் கவனம் தேவை. குலதெய்வத்தின் பெயர், பிறந்தநாள், வளர்ப்பு நாயின் பெயர் ஆகியவை முகநூலில் என்றோ ஏறிவிட்டன. புலனத்தில் எழுதி அனுப்புதலும் கூடாது. நேரில் வாய்மொழியாகவே சொல்ல வேண்டும். வகுப்பில் இதனை ஒரு வீட்டுப்பாடமாகத் தரலாம். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் சென்று கேட்டு வரட்டும். விடையை ஏட்டில் எழுத வேண்டா, கேட்டு முடித்தோம் என்று மட்டும் ஆசிரியரிடம் சொல்லட்டும். கேரித் தீவிலோ, காப்பாரிலோ, இன்று நகரமாகிவிட்ட வேறொரு தோட்டத்திலோ வாழ்ந்தவரிடம் அத்தகைய சொற்கள் நிறைய இருக்கும். லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த பசுவின் பெயர், விடியற்காலையில் பெயர் கூப்பிட்ட தண்டலுக்குப் பிள்ளைகள் இட்ட பட்டப்பெயர், தண்ணீர் எடுத்த பீலிக்கு ஊரார் வழங்கிய பெயர் இவையெல்லாம் எந்த இணையத்திலும் ஏறாதவை. எந்தக் கணினியும் கற்காதவை.